பந்தை எறிந்த பிறகு

ரோவில், மெல்பேர்ண்
9 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் சயந்தினியும் சுகமாய் இருப்பீங்கள் எண்டு நினைச்சுக்கொண்டு எழுதுறன். எனக்கு ஒரு குறையும் இல்லை. வெயில்தான் இந்தமுறை கொஞ்சம் கூட.

நீங்கள் நைற் ஷிஃப்ற் முடிச்சுப் படுக்கிற நேரம் எனக்கு வகுப்புத் தொடங்கிற நேரம். போன் எடுத்தாலும் ரெண்டு பேரும் "நல்லாய் இருக்கிறன்" எண்டு சொல்லிப்போட்டு வைச்சிடுறம். முந்தி நான் ரொறன்ரோவிலை இருந்து எழுதின மாதிரிக் கடிதம் எழுதுவம் எண்டு நீங்கள் சொன்னது நல்லதாய்ப் போச்சு. இருந்து எழுதேக்கை கதைக்கிறதுக்கு ஏதாவது தானாய் வருது.

ஒரு புதினம். எங்கடை பள்ளிக்கூடத்திலை அமெரிக்கன் ஃபுட்போல் குழு ஒண்டு தொடங்கியிருக்கினம். இந்தப் பக்கத்திலை இன்னும் நாலைஞ்சு பள்ளிக்கூடம் சேர்ந்து குளிர்காலத்திலை போட்டி வைக்கினம். கனடாவிலை விளையாடின கணக்கு ரீச்சர் ஒருத்தர் இருக்கிறார் எண்டு ஆரோ சொல்லியிருக்கினம். பிரின்சிபல் கூப்பிட்டுக் கேட்டா. ஓம் எண்டிட்டன்.

எங்கடை பெடியள் மெல்லிசு. மற்றப் பள்ளிக்கூடங்களிலை நிக்கிறவங்கள் ஒவ்வொருத்தனும் கதவு அகலம். நேருக்கு நேர் தள்ளி வெல்ல ஏலாது. அதாலை ஒப்ஷன் எண்ட ஓட்ட ஆட்டத்தை இவங்களுக்கெண்டு அமைக்கிறன். விசயம் இதுதான். பந்தை முதலிலை கையிலை எடுக்கிறவனைக் குவாட்டர்பாக் எண்டு சொல்லுவினம். அவனுக்கு மூண்டு வழி. தன்ரை வயித்தோடை உரசிக்கொண்டு நடுவாலை ஓடுறவனிட்டைப் பந்தைக் குடுக்கலாம். இல்லாட்டித் தானே வைச்சுக்கொண்டு விளிம்பாலை ஓடலாம். அதுவும் சரிவராட்டி, தனக்குப் பக்கத்திலை அகலமாய் ஓடி வாறவனுக்கு எறியலாம். எது எண்டு முதலே முடிவில்லை. எதிர்ப்பக்கத்திலை ஒண்டிரண்டு பேரை நாங்கள் வேணுமெண்டே மறிக்காமல் விடுறம். அவன் எங்கை போறான் எண்டு பாத்து, அவன் போகாத பக்கம் பந்து போகும். எவ்வளவு பலசாலியையும் தொடாமலே பிழையாக்கிப் போடலாம்.

குசினி மேசையிலை பயறும் கடலையும் பரப்பி வைச்சு யோசிக்கிறன். பயறு எங்கடை ஆக்கள், கடலை அவங்கள். மேசை பெரிசு, வேறை ஒருத்தரும் இருக்கிறேல்லை, அதாலை இடம் தாராளம்.

பாமாவும் வினுஷாவும் ரொறன்ரோவிலை சுகம் எண்டு கேள்வி. பிரிஞ்சு இவ்வளவு காலமாகியும் பாமா என்ரை பிறந்தநாளுக்கு ஒரு மெசேஜ் போடத் தவறிறேல்லை. மகள் போடுறேல்லை.

அத்தான்ரை முழங்கால் ஒபரேஷன் எப்ப எண்டு எழுதுங்கோ.

உங்கள் எல்லாரையும் நினைக்கிற தம்பி,
கேதீஸ்

•

லிட்கம், சிட்னி
2 மார்ச் 2025

அன்பான தம்பி கேதீஸ்வரனுக்கு,

உன்ரை கடிதம் கிடைச்சுது. நீ சுகமாய் இருக்கிறாய் எண்டு எழுதினதை நம்பிறன். நாங்கள் இஞ்சை இருக்கிற மாதிரி இருக்கிறம்.

அத்தானுக்குப் போன கிழமை ஒபரேஷன் முடிஞ்சுது. பொல்லோடை வீட்டுக்குள்ளை நடக்கிறார், பொல்லாலை ரிவி ரிமோட்டையும் இழுத்து எடுக்கிறார். நான் முதியோர் இல்லத்து வேலையிலைதான். என்னை இப்ப மறதி உள்ளவையளின்ரை பகுதிக்கு மாத்தியிருக்கினம். கஷ்டமான இடம், ஆனால் எனக்குப் பிடிச்சிருக்கு. ஒரு அம்மா ஒவ்வொரு நாளும் என்னைப் புதுசாய்ச் சந்திக்கிறா, ஒவ்வொரு நாளும் என்ரை தலைமயிர் வடிவு எண்டு சொல்லுறா.

உன்ரை விளையாட்டு எனக்கு விளங்கேல்லை. சயந்தினி தன்ரை போனிலை ஒரு வீடியோ எடுத்துக் காட்டினாள். "மாமா சொல்லுறது இதுதான் அம்மா" எண்டாள். பந்து போற வேகத்திலை எனக்கு ஒண்டும் பிடிபடேல்லை, நான் அந்த எறிஞ்ச பெடியனைத்தான் பாத்துக்கொண்டிருந்தன். அதுக்குள்ளை கமரா பந்துக்குப் பின்னாலை போயிட்டுது. கேதீஸ், பந்தை எறிஞ்சு போட்ட பிறகு அந்தப் பெடியனுக்கு என்ன நடக்கும்?

ஈஸ்டருக்கு வா. பெரிய வெள்ளி பின்னேர விமானத்திலை வந்தால் திங்கள் திரும்பலாம். நாங்கள் மூண்டு பேரும் வந்து ஏத்துறம்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா யோகராணி

•

ரோவில்
23 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதம் வரேக்கை உங்களுக்கு ஓய்வு நாளாய் இருக்கட்டும். நான் சுகம். இஞ்சை பின்னேரத்திலை குளிர் தொடங்கிட்டுது.

ஈஸ்டருக்குக் கட்டாயம் வாறன். ரிக்கெற் போட்டிட்டன்.

எனக்குக் குவாட்டர்பாக் கிடைச்சிட்டான். பேர் சஞ்சய். கிளேட்டனிலை இருக்கிற தமிழ்நாட்டுக் குடும்பம். பதினாறு வயசு, ஈர்க்கு மாதிரி. கிரிக்கெட் குழுவிலை இடம் கிடைக்காமல் இஞ்சை வந்தவன். ஆனால் அக்கா, அந்தப் பெடியனுக்குக் கண் இருக்கு. முதல் நாள் ஒரு பெரிய பெடியனை மறிக்காமல் விட்டுப்போட்டு, "அவன்ரை தோளைப் பார், முகத்தைப் பாக்காதை" எண்டன். வேறை ஒண்டும் சொல்லேல்லை. பத்துத் தரம் ஓடினான், ஒருக்காத்தான் பிழைச்சான். மற்றவங்களுக்கு நான் ஒரு மாதம் சொல்லிக் குடுத்தாலும் வராது.

தாய்க்காரி விமலா ஆஸ்பத்திரியிலை வேலை. பிரக்டிஸ் முடியுமட்டும் காருக்குள்ளை இருந்து பாப்பா. ஒருநாள் இறங்கி வந்து, "சார், இது அடிதடி விளையாட்டுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு. எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க தமிழ் ஆளுங்கறதுனாலதான் அனுப்புறேன்" எண்டு சொன்னா. "நான் பாத்துக்கொள்ளுறன் அம்மா" எண்டன். நான் கதைக்கிற தமிழ் தனக்குப் பாட்டு மாதிரி இருக்காம், சிரிச்சுக்கொண்டு போனா.

கிழமையிலை அந்த ரெண்டு நாளும்தான் எனக்கு நாள் மாதிரி இருக்கு. மற்ற நாளிலை வகுப்பு முடிஞ்சால் வீடு. வீட்டிலை ஹீற்றர் சத்தம் மட்டும்தான்.

அத்தானுக்கு ஒபரேஷன் எப்ப? நாள் சொன்னால் நான் அதுக்கேற்றமாதிரி லீவு போடுவன்.

அன்புடன் தம்பி,
கேதீஸ்

•

லிட்கம்
27 ஏப்ரல் 2025

அன்பான தம்பிக்கு,

நீ சுகமாய் இருக்கவேணும் எண்டு அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுறன். எங்களுக்கு உடம்புக்கு ஒண்டும் இல்லை.

பெரிய வெள்ளி நாங்கள் மூண்டு பேரும் விமான நிலையத்திலை நிண்டம். அத்தான் பொல்லோடை வந்தவர், அவருக்கு ஒபரேஷன் முடிஞ்சது பெப்ரவரியிலை, எழுதினனான். எல்லாரும் வெளியிலை வந்து முடிஞ்ச பிறகுதான் உனக்குப் போன் எடுத்தன். நீ பள்ளிக்கூட ஓவல் மைதானத்திலை தனிய நிக்கிறாய் எண்டாய். பெடியள் ஒருத்தரும் பிரக்டிஸ்ஸுக்கு வரேல்லை, ஏனெண்டு தெரியேல்லை எண்டாய். "ஈஸ்டர் அடுத்த கிழமையெல்லோ அக்கா" எண்டாய்.

பரவாயில்லை. ஒருத்தரும் கோவிக்கேல்லை. சயந்தினிதான் திரும்பி வரேக்கை காருக்குள்ளை கதைக்காமல் இருந்தாள். உனக்கெண்டு பொரிச்ச றோல்ஸைப் பக்கத்து வீட்டு வரதராஜன் அங்கிளுக்குக் குடுத்தன்.

அந்த ஓவலிலை எவ்வளவு நேரம் நிண்டனி?

நான் கேட்டதுக்கு நீ பதில் எழுதேல்லை. பந்தை எறிஞ்ச பிறகு அந்தப் பெடியனுக்கு என்ன நடக்கும்? சஞ்சய் எண்டு பேர் தெரிஞ்ச பிறகு எனக்கு அந்த யோசனை கூடிப்போச்சு.

உடம்பைப் பார்.

அக்கா

•

ரோவில்
18 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம்தானே. நான் நல்ல சுகம், இந்தக் கிழமை அதைவிட நல்ல சுகம், ஏனெண்டு சொல்லுறன்.

முதலிலை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. கலண்டரைப் பிழையாய்ப் பாத்திட்டன். வேலை கூட, தலை நிறைய இந்த ஆட்டம். சயந்தினிக்கு ஒரு நல்ல சாமான் வாங்கி அனுப்புறன்.

வெண்டிட்டம், அக்கா. முதல் போட்டி. டண்டினோங் பக்கத்து ஓவல், தூறல் மழை. அவங்கடை விளிம்பிலை நிண்டவன் எங்கடை பெடியங்களிலை ரெண்டு பேரைச் சேர்த்துச் செய்த மாதிரி. அவனை நாங்கள் தொடவே இல்லை. முதல் தரம் அவன் நடுவுக்குப் பாஞ்சான், சஞ்சய் பந்தை வைச்சுக்கொண்டு விளிம்பாலை போனான். அடுத்ததரம் அவன் விளிம்பிலை காத்துக்கொண்டு நிண்டான், பந்து நடுவாலை போட்டுது. மூண்டாந்தரம் கோபத்திலை நேரே சஞ்சயிட்டை வந்தான், பந்து அவனுக்கு மேலாலை பறந்து மற்றவன்ரை கையிலை. கடைசியிலை அவன் ஒரு இடமும் போகாமல் நிண்டு தன்ரை கோச்சைத் திரும்பிப் பாத்தான். எனக்குக் கண் கலங்கிட்டுது.

இதை எல்லாம் எப்பிடி அமைச்சனான் எண்டு உங்களுக்குச் சொல்லவேணும். குசினி மேசையிலை பயறும் கடலையும் பரப்பி வைச்சு யோசிக்கிறன். பயறு எங்கடை ஆக்கள், கடலை அவங்கள். மேசை பெரிசு, வேறை ஒருத்தரும் இருக்கிறேல்லை, அதாலை இடம் தாராளம்.

போட்டி முடிஞ்சு பெடியள் எல்லாம் தாய்தகப்பனோடை காரிலை ஏறிப் போட்டினம். நான் அடையாளத்துக்கு வைச்ச கூம்புகளைப் பொறுக்கி அடுக்கிப்போட்டு, ஆருக்குச் சொல்லலாம் எண்டு யோசிச்சன். உங்களுக்கு எழுதுறன்.

தம்பி,
கேதீஸ்

•

லிட்கம்
1 ஜூன் 2025

அன்பான கேதீஸ்,

சுகமோ எண்டு கேக்கிறது இந்தமுறை வாய்ச்சொல்லுக்கில்லை. வெண்டது சந்தோசம். சயந்தினிக்கும் வாசிச்சுக் காட்டினன்.

நீ பயறும் கடலையும் வைச்ச கதையைப் பெப்ரவரியிலும் எழுதினனி. கதை மட்டுமில்லை, வசனமும் அதேதான். ரெண்டு கடிதத்தையும் பக்கத்திலை வைச்சுப் பாத்தன். ஒரு சொல்லும் மாறேல்லை.

நான் எந்தப் பகுதியிலை வேலை செய்யிறன் எண்டு உனக்குத் தெரியும். அதாலை எனக்கு எல்லா இடத்திலும் அதுதான் தெரியுது எண்டு அத்தான் ஏசுறார். ஏசட்டும். தயவுசெய்து ஒரு டொக்டரிட்டைப் போ.

இன்னுமொண்டு கேக்கிறன். ரொறன்ரோவிலை நீ எந்த இடத்திலை விளையாடினனி? நீ ஒருக்காலும் சொன்னதில்லை. விளையாடினனான் எண்டு மட்டும்தான் சொல்லுவாய்.

பதில் போடு, சுருக்கமாய் எண்டாலும்.

அக்கா

•

லிட்கம்
6 ஜூலை 2025

தம்பி,

சுகமாய் இரு.

ஒரு மாதத்துக்கு மேலை. போன் எடுத்தால் எடுக்கிறாய் இல்லை, பிறகு "பிஸி அக்கா" எண்டு ஒரு மெசேஜ். எனக்குக் கோபமில்லை. நான் கேட்டது பிழையெண்டால் பிழையெண்டு எழுது. ஒரு வெறும் தாளை மடிச்சு அனுப்பினாலும் சரி, உன்ரை கையெழுத்திலை விலாசம் இருக்குமெல்லோ.

இஞ்சை குளிர். அத்தான் பொல்லை விட்டிட்டார்.

அக்கா

•

ரோவில்
27 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எல்லாரின்ரை சுகத்தையும் கேட்டுக்கொண்டு, என்ரை சுகத்தைப் பற்றிப் பொய் எழுதாமல் இந்தக் கடிதத்தைத் தொடங்கிறன்.

உங்கடை ரெண்டு கடிதமும் மேசையிலை கிடந்தது. கனதரம் எழுதத் தொடங்கினன். எழுதினதைத் திருப்பி வாசிக்கேக்கை, இதை முதலும் எழுதினனானோ எண்ட பயம் வந்திடும். கிழிச்சுப் போட்டிடுவன். ஆனால் நேற்று ஒண்டு நடந்தது. அதை மறக்கிறதுக்கு முதல் உங்களுக்கு எழுதவேணும்.

நேற்று அரையிறுதி. வெண்டால் இறுதிப் போட்டி. எங்கடை ஓவலிலைதான். கனபேர் வந்தவை, பிரின்சிபலும் வந்தவ. கடைசி நிமிசங்களிலை நாங்கள் நாலு புள்ளி பின்னுக்கு நிக்கிறம், பந்து எங்கடை கையிலை. ஒப்ஷன் குடுத்தன்.

சஞ்சய் விளிம்புக்கு ஓடினான். நாங்கள் மறிக்காமல் விட்டவன் நேரே அவனிட்டை வந்தான். கடைசிக் கணத்திலை சஞ்சய் வெளியாலை ஓடினவனுக்கு எறிஞ்சான். அழகான எறி. எல்லாரும் பந்து போன பக்கம் பாத்துக்கொண்டு எழும்பிச்சினம். நான் பந்தைப் பாக்கேல்லை, அக்கா. நீங்கள் கேட்ட கேள்வி எனக்குள்ளை கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது. சஞ்சயைப் பாத்தன். எறிஞ்ச கை இன்னும் நீட்டினபடி நிக்குது. மற்றவன் ஓடி வந்த வேகத்திலை தோளாலை நெஞ்சிலை அடிச்சான். சஞ்சய் பின்னாலை போய் விழுந்தான், பின்மண்டை நிலத்திலை பட்டுது. ஹெல்மெற் போட்டிருந்தும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. நடுவர் விசில் ஊதேல்லை. ஊதத் தேவையில்லை, அது விதிப்படி சரியான அடி.

எழும்பினான். கையைத் தூக்கி எனக்கு ஒண்டுமில்லை எண்டு காட்டினான். சனம் கை தட்டுது. பந்து எல்லைக் கோட்டுக்குக் கிட்ட வந்திட்டுது, இன்னும் ஒருதரம் ஓடினால் போதும். நான் ஆட்டத்தைக் கொஞ்சம் நிப்பாட்ட ரைம் அவுட் கேட்டு அவனைக் கூப்பிட்டன்.

"எப்பிடி இருக்கு?"

"ஐ'ம் குட், சேர்."

"ஆரோடை விளையாடுறம்?"

போன கிழமை விளையாடின பள்ளிக்கூடத்தின்ரை பேரைச் சொன்னான். சொல்லிப்போட்டுச் சிரிச்சான்.

அந்த ஆட்டத்தை ஓட அவனைவிட்டால் ஒருத்தரும் இல்லை. அவனுக்கும் அது தெரியும். "நான் போறேன் சேர், இன்னும் ஒண்ணுதான்" எண்டு தமிழிலை சொன்னான். என்னோடை ஒருக்காலும் தமிழ் கதைக்காத பெடியன். நான் அவன்ரை ஹெல்மெற்றைக் கழட்டி என்ரை கக்கத்துக்குள்ளை வைச்சுக்கொண்டன். குடுக்கேல்லை. வேறை பெடியனை விட்டம், அவன் பந்தைத் தவற விட்டான், தோத்தம்.

பெடியள் என்னைக் கடந்து போச்சினம், ஒருத்தரும் முகம் பாக்கேல்லை. சஞ்சய் மைதானத்து ஓரத்து வாங்கிலை இருந்து அழுதான். விமலா வேலிக்கு மேலாலை ஏறி விழாத குறையாய் ஓடி வந்தா.

"என்னாச்சு சார்? ஏன் அவன உக்கார வெச்சுட்டீங்க? அவன் நல்லாதான் இருக்கேங்கறான்."

"நல்லாய் இல்லை அம்மா. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"அவனே ஒண்ணும் இல்லங்கறானே."

"நானும் அப்பிடித்தான் சொன்னனான்."

அவ என்னைப் பாத்தா. ஆஸ்பத்திரியிலை வேலை செய்யிறவ, ஆக்களைப் பாக்கத் தெரியும். மெதுவாய்க் கேட்டா, "எப்ப சார்?"

ஒருத்தருக்கும் சொல்லாததை முதலிலை அவவுக்குத்தான் சொன்னன். ரெண்டு வசனத்திலை. பிறகு அவ மகனைக் கூட்டிக்கொண்டு போட்டா. இண்டைக்குக் காலமை போன் எடுத்துச் சொன்னா, மூளை அதிர்ச்சியாம், படம் எடுத்துப் பாத்ததிலை இரத்தக் கசிவு இல்லையாம், ஆனால் கனநாளைக்கு விளையாட விடமாட்டினமாம். "இன்னொரு அடி விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு டாக்டர் சொன்னாங்க சார்" எண்டா.

இனி உங்கடை கேள்விக்கு வாறன். பந்தை எறிஞ்ச பிறகு அவனுக்கு என்ன நடக்கும்? அடி விழும், அக்கா. அனேகமாய் ஒவ்வொருதரமும். அது தற்செயலில்லை. மறிக்காமல் விட்டவன் ஆரையாவது அடிக்கத்தானே வேணும். அவன் எங்கடை பெடியனை அடிக்கிற நேரம் பந்து வேறை இடத்திலை இருக்கும், அதுதான் இந்த ஆட்டத்தின்ரை கெட்டித்தனம். எனக்கு இது பெப்ரவரியிலேயே தெரியும். அதுதான் பதில் எழுதேல்லை.

ரொறன்ரோவிலை நானும் அந்த இடத்திலைதான் விளையாடினனான். நாலு வருசம். எத்தினை அடி எண்டு தெரியாது. ஒருநாள் போட்டி முடிஞ்சு எப்பிடி வீட்டை வந்தனான் எண்டே தெரியாமல் கட்டிலிலை இருந்தன். அங்கை என்னை வைச்சிருந்த மாமாவுக்குச் சொல்லேல்லை, சொன்னால் நிப்பாட்டிப் போடுவார். அந்தக் குழுவை விட்டால் எனக்கு அந்த ஊரிலை கதைக்க ஆளில்லை. அடி நோகும், ஆனால் எழும்பேக்கை பத்துக் கை வந்து தூக்கும். அதுக்காண்டியே விழலாம் போலை இருக்கும்.

இப்ப என்ன நடக்குது எண்டால், பெயர்கள் போகுது. போன மாதம் கிளேட்டனிலை இருந்து ரோவிலுக்கு, வழக்கமாய் வாற றோட்டாலை வந்துகொண்டிருந்தனான், ஒரு சந்தியிலை எந்தப் பக்கம் திரும்பிறதெண்டு தெரியேல்லை. பின்னாலை கார்கள் ஹோர்ன் அடிக்குது. ஓரமாய் நிப்பாட்டி, போனிலை என்ரை சொந்த வீட்டு விலாசத்தைப் போட்டு வந்தன். கோபமும் வருது, சும்மா சும்மா. பாமா போனதுக்கு நான் உங்களுக்குச் சொன்ன காரணம் காரணமில்லை.

டொக்டரிட்டைப் போகேல்லை. போனால் இதுக்கொரு வருத்தத்தின்ரை பேர் வைச்சிடுவினம் எண்ட பயம்.

உங்கடை தம்பி,
கேதீஸ்

•

லிட்கம்
31 ஜூலை 2025

என்ரை தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன்ரை கடிதத்தை வேலைக்குக் கொண்டுபோய், தேத்தண்ணி நேரத்திலை இன்னும் ஒருக்கா வாசிச்சன். ஒண்டையும் திருப்பிச் சொல்லேல்லை நீ. நேராய், வடிவாய் எழுதியிருக்கிறாய்.

நீ பயப்பிடுறதாய் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நித்திரை இல்லாட்டியும் மறதி வரும், தைரொயிட்டுக்கும் வரும், தனிய இருந்து மனம் விழுந்து போனாலும் வரும். வீட்டிலை இருந்து நீயும், இஞ்சை இருந்து நானும் கண்டுபிடிக்க ஏலாது.

ஒன்பதாம் திகதி சனிக்கிழமை காலமை வாறன். ரெண்டு கிழமை லீவு எடுத்திருக்கிறன். நீ விமான நிலையத்துக்கு வரவேண்டாம், நான் ராக்ஸியிலை வருவன். வீட்டைக் கூட்டித் துடைச்சு வைக்கவேண்டாம். நான் உன்னைப் பராமரிக்க வரேல்லை. டொக்டர் கதைக்கேக்கை பக்கத்துக் கதிரையிலை ஒராள் இருக்கவேணும், அதுக்குத்தான் வாறன். எங்கடை இடத்திலை இருக்கிற கனபேருக்கு அந்தக் கதிரை வெறுமையாய்த்தான் இருந்திருக்கு.

அந்தப் பெடியன்ரை ஹெல்மெற்றைக் குடுக்காமல் வைச்சிருந்தியெல்லோ. உன்னைப் பற்றி இஞ்சை ஆர் என்ன கேட்டாலும் நான் அதைத்தான் சொல்லுவன்.

போட்டு வாறன் எண்டு அத்தானிட்டைச் சொல்லியாச்சு. அவர் இப்பவே சோத்துக்குக் கவலைப்படத் தொடங்கிட்டார்.

அக்கா

•

ரோவில்
21 செப்டெம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டிலை எல்லாரும் சுகமாய் இருப்பீங்கள், அத்தான் வயிறாறச் சாப்பிடுவார் எண்டு நம்பிறன். என்ரை சுகம் நீங்கள் விட்டுப்போன இடத்திலைதான் நிக்குது, கூடேல்லை, குறையேல்லை.

நீங்கள் போன திங்கள் ரெண்டு கோப்பையிலை தேத்தண்ணி ஊத்தினன். மறதியில்லை அது. ரெண்டு கிழமைப் பழக்கம். ரெண்டையும் நானே குடிச்சன்.

ஸ்பெஷலிஸ்ற் நவம்பரிலைதான் பாப்பாராம். ஸ்கானிலை பெரிசாய் ஒண்டும் தெரியேல்லை, ஆனால் தெரியாததாலை இல்லையெண்டும் இல்லையாம். நீங்களும் கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள்தானே. பிரின்சிபலுக்குச் சொல்லிட்டன். வகுப்பு எடுக்கலாம் எண்டா, ஆனால் கார் ஓடிறதைப் பற்றி டொக்டரின்ரை முடிவு வருமட்டும் பஸ். ரோவிலிலை இருந்து பஸ்ஸிலை போறது எண்டால் என்ன எண்டு இப்பத்தான் விளங்குது.

ஆட்டத்தை மாத்தி அமைச்சன். மூண்டாவது வழியை எடுத்துப்போட்டன். குவாட்டர்பாக் நடுவாலை ஓடிறவனுக்குக் குடுப்பான், இல்லாட்டித் தானே ஓடி எல்லைக்கு வெளியிலை போயிடுவான். அடிக்கிறதுக்கு ஆளில்லாமல் எறியிற ஒரு வழி தேடினன், எவ்வளவு யோசிச்சும் வரேல்லை. மூண்டாமிடத்துக்கான போட்டியிலை இதை ஓடித் தோத்தம். "இது போரடிக்குது சேர்" எண்டாங்கள். சரியாய்த்தான் சொன்னாங்கள். மோனிகா எண்டு விளையாட்டு ரீச்சர் ஒருத்தி வாற வருசம் பொறுப்பெடுப்பா. நான் பக்கத்திலை நிண்டு படம் கீறிக் குடுக்கலாமாம்.

சஞ்சய்க்கு இப்ப சுகம். படிக்கிறான். விமலா ரெண்டுதரம் நன்றி சொன்னா. அவன் என்னை வழியிலை கண்டால் மற்றப் பக்கம் திரும்பிப் போறான். அந்த ஒரு ஓட்டத்தை நான் அவனிட்டை இருந்து பறிச்சது அவனுக்கு மாறேல்லை. மாறாமலே போனாலும் போகட்டும்.

வருசக் கடைசியிலை லிட்கமுக்கு வந்து கிட்ட இருக்கச் சொன்னனீங்கள். யோசிக்கிறன். ஓம் எண்டுதான் வரும் போலை.

நீங்கள் போகேக்கை சொன்னதைச் செய்தன். இண்டைக்குக் காலமை வினுஷாவுக்குப் போன் எடுத்தன். அங்கை சனி பின்னேரம். எடுப்பாள் எண்டு நான் நினைக்கேல்லை. டொக்டர் சொன்னது எல்லாத்தையும் சொன்னன். பேந்து இங்கிலிஷிலை, "அதாலையா?" எண்டு கேட்டாள்.

"எது அதாலை?"

அவள் பத்தாம் வகுப்பு படிக்கேக்கை ஒரு பின்னேரம் நான் அவள் எழுதிக்கொண்டிருந்த மேசையைப் புரட்டினனானாம். லாம்பு உடைஞ்சு அவளின்ரை காலிலை வெட்டினதாம். பாமாதான் கட்டுப் போட்டவவாம். அடுத்தநாள் நான் ஒண்டும் நடக்காத மாதிரி, காலிலை என்ன காயம் எண்டு கேட்டனானாம்.

எனக்கு அது இல்லை, அக்கா. எவ்வளவு தேடினாலும் இல்லை. தலையிலை விழுந்த அந்த அடிகளாலைதான் எண்டு சொன்னால் எனக்குச் சுகமாய் இருக்கும். வாய்க்கு வந்தும் விட்டுது. ஆனால் "தெரியாது வினுஷா. அதாலையாயும் இருக்கலாம், நானாயும் இருக்கலாம்" எண்டன். "வேறை என்ன நடந்தது எண்டு எனக்குச் சொல்லு. எனக்கு ஞாபகமில்லாதது எல்லாம் சொல்லு."

சொன்னாள். ஒரு மணித்தியாலம் சொன்னாள். இடையிலை அழுதாள், ஒருதரம் சிரிச்சாள். நான் மறுக்கேல்லை, விளக்கம் சொல்லேல்லை, கேட்டுக்கொண்டு இருந்தன்.

முடிய, "அப்பா, இதை ஞாபகம் வைச்சிருப்பீங்களா?" எண்டு கேட்டாள்.

"தெரியாது. மறந்தால் திருப்பிச் சொல்லுவியோ?"

எவ்வளவு காலமாய் என்னோடை இங்கிலிஷ் மட்டும் கதைக்கிற பிள்ளை. தமிழிலை "ஓம்" எண்டாள்.

நான் சாப்பிட்டன். கதவைப் பூட்டிட்டன். நீங்கள் யோசிக்கவேண்டாம்.

உங்கடை தம்பி,
கேதீஸ்